அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்: மார்க்கெட்டிங் ஆய்வில் சான்று காட்டுவது எப்படி?

மார்க்கெட்டிங் ஆய்வுக்குள் புதிதாக நுழைகிறவர்களின் கட்டுரைகளில் இப்படி ஒரு வரியை அடிக்கடி பார்க்கலாம்: "சேவையின் தரம் உயர்ந்தால் வாடிக்கையாளரின் திருப்தியும் உயரும் (பரசுராமன், ஸெய்தாம்ல், பெர்ரி 1988)." பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. பெயர்கள் சரி, ஆண்டு சரி, துறையில் எல்லோருக்கும் தெரிந்த கட்டுரை. ஆனால் அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்தால் கதை வேறு. ஜர்னல் ஆஃப் ரீடெய்லிங் இதழில் வந்த அந்தக் கட்டுரையின் முக்கிய வேலை, சேவைத் தரத்தை அளக்க 22 கூற்றுகள் கொண்ட 'செர்வ்குவால்' என்ற அளவுகோலை உருவாக்குவது. திருப்திக்கும் தரத்துக்கும் உள்ள உறவைத் தொடும் இடத்தில் அது எதிர்த்திசையில் போகிறது. ஒவ்வொரு தடவையும் கிடைக்கும் திருப்தி சேர்ந்து சேர்ந்து, காலப்போக்கில் தரம் பற்றிய எண்ணமாக உருவாகிறது என்கிறார்கள் மூவரும். தரம் முன்னால் வருகிறது, திருப்தி அதன் பின்னால் வருகிறது என்று தரவுகளோடு வாதிட்டவர்கள் க்ரோனினும் டெய்லரும். 1992இல், ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்கில். அது செர்வ்குவாலைக் கேள்விக்குள்ளாக்கிய கட்டுரை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, அந்த ஒரு வரி முன்னோடிகள் சொன்னதற்கு நேர்மாறானதை அவர்கள் வாயில் வைக்கிறது.

இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது ஒன்றைத்தான். அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரை எழுதும்போது நாம் ஒரு தகவலைச் சொல்கிறோம்: இவர், இந்த இடத்தில், இதைச் சொல்லியிருக்கிறார் என்று. அந்தத் தகவல் சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். நம் சர்வே தரவை எவ்வளவு கவனமாகச் சரிபார்க்கிறோமோ அதே கவனம் இதற்கும் வேண்டும். காற்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்பதெல்லாம் அப்புறம்.

ஒரே அடைப்புக்குறி, வெவ்வேறு வேலைகள்

மார்க்கெட்டிங் நிறையக் கடன் வாங்கும் துறை. மனித மனம் பற்றிய கருத்துகளை உளவியலிலிருந்து எடுக்கிறது, விலை பற்றியவற்றைப் பொருளியலிலிருந்து, குழுக்கள் பற்றியவற்றைச் சமூகவியலிலிருந்து, கணக்கிடும் முறைகளைப் புள்ளியியலிலிருந்து. அதனால் ஒரு மார்க்கெட்டிங் கட்டுரையில் வரும் சைட்டேஷன்கள், அதாவது சான்றுக் குறிப்புகள், எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில, கருதுகோளுக்கு அடித்தளமான கோட்பாடு எங்கிருந்து வந்தது என்று சொல்கின்றன. சில, கேள்வித்தாளில் உள்ள கேள்விகள் யாருடையவை என்று சொல்கின்றன. சில, தரவைப் பகுத்த முறைக்கு ஆதாரம். இன்னும் சில, நம்மோடு முரண்படுகிறவர்களைக் காட்டுவதற்கு.

கடைசியாகச் சொன்னது அரிதாகத்தான் கண்ணில் படுகிறது. புதியவர்கள் தங்களுக்குச் சாதகமான கட்டுரைகளை மட்டும் பொறுக்கி அடுக்குகிறார்கள். செர்வ்குவாலைப் பயன்படுத்துகிறவர் க்ரோனின், டெய்லர் பக்கமே போகாமல் இருந்தால், விஷயம் தெரிந்த மதிப்பாய்வாளருக்கு உடனே சந்தேகம் வரும்: இவருக்கு அந்த விவாதமே தெரியாதா, இல்லை தெரிந்து மறைக்கிறாரா? எதிர்க்கருத்தைக் குறிப்பிட்டு, "இருந்தாலும் இந்தக் காரணத்துக்காக இந்த அளவுகோலை எடுத்தேன்" என்று எழுதுகிறவர்மேல் நம்பிக்கை கூடும்.

ஒரே வாக்கியத்தின் கடைசியில் ஆறேழு பெயர்களைக் கோத்து வைப்பதும் இதோடு சேர்த்துப் பேச வேண்டியது. "பிராண்ட் மதிப்பு வாங்கும் எண்ணத்தைப் பாதிக்கிறது" என்று எழுதி, பின்னால் 1991 முதல் 2020 வரை ஏழு பெயர்கள். இதில் யார் சோதித்துப் பார்த்தார், யார் வெறுமனே ஊகித்தார், யார் வேறு எதையோ சொன்னார்? படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. ஏழைக் குறைத்து இரண்டாக்கி, அந்த இரண்டும் என்ன செய்தன என்று அரை வாக்கியத்தில் சொன்னால் பத்திக்கு உயிர் வந்துவிடும்.

மூலத்துக்குப் போவது

"4 பி" என்பதைப் பிலிப் காட்லர் உருவாக்கினார் என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அவருடைய பாடநூல் வழியாக அது உலகமெல்லாம் பரவியது உண்மை. ஆனால் பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற அந்த நான்கு பிரிவுகளை ஜெரோம் மெக்கார்த்தி 1960இல் வெளிவந்த தன் பாடநூலில் முன்வைத்தார்; காட்லரின் மார்க்கெட்டிங் மேனேஜ்மென்ட் முதல் பதிப்பு 1967இல்தான் வந்தது. 'மார்க்கெட்டிங் மிக்ஸ்' என்ற தொடருக்கு இன்னும் பின்னால் போக வேண்டும். நீல் போர்டன் 1964இல் எழுதிய கட்டுரையில், ஜேம்ஸ் கல்லிட்டன் 1948இல் மேலாளரைப் பல பொருள்களைக் கலக்கிறவராக வருணித்ததிலிருந்து தனக்கு அந்தத் தொடர் தோன்றியது என்று அவரே சொல்கிறார். போர்டன் இதைச் சொன்ன விதத்தைக் கவனியுங்கள். நல்ல சான்று எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதுவே பாடம்: எனக்கு இது எங்கிருந்து கிடைத்தது, அதில் நான் எதைச் சேர்த்தேன்.

உளவியலாளர் மாஸ்லோ விஷயமும் இப்படித்தான். தேவைகளின் பிரமிடை வரைந்து, கீழே "மாஸ்லோ 1943" என்று போடுவது நுகர்வோர் நடத்தைப் பாடங்களில் வழக்கமாகிவிட்டது. 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் பிரமிடு கிடையாது. தேவைகளுக்குள் ஒரு வரிசை இருக்கிறது என்ற கருத்து உண்டு. முக்கோணப் படம் பிறகு மற்றவர்கள் வரைந்தது. கருத்துக்கு மாஸ்லோவைக் காட்டுங்கள், படத்துக்கு நீங்கள் எடுத்த இடத்தைக் காட்டுங்கள்.

மூலம் கைக்குக் கிடைக்காவிட்டால்? பழைய நூல், அச்சில் இல்லை, நூலகத்திலும் இல்லை என்றால், நீங்கள் உண்மையில் படித்ததைச் சொல்லலாம்: "கல்லிட்டன் 1948, போர்டன் 1964இல் காட்டியபடி" என்று. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. படிக்காததைப் படித்த மாதிரி பட்டியலில் சேர்ப்பதுதான் பிரச்சினை. மிகைல் சிம்கின், வ்வானி ராய்சௌத்ரி என்ற இருவர் 2003இல் இதை வேடிக்கையான ஒரு வழியில் ஆராய்ந்தார்கள். துணைநூற்பட்டியல்களில் இருக்கும் எழுத்துப்பிழைகளை எடுத்துக்கொண்டார்கள். தவறான பக்க எண் ஒன்று அப்படியே பல கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வந்தால், எல்லோரும் மூலத்தைப் பார்த்து ஒரே தப்பைச் செய்திருக்க வாய்ப்பில்லை. ஒருவர் பட்டியலிலிருந்து இன்னொருவர் பார்த்து எழுதியிருக்கிறார் என்று பொருள். அந்தக் கணக்கின்படி, ஒரு கட்டுரையைச் சான்றாகக் காட்டுகிறவர்களில் சுமார் 20 சதவீதம் பேர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட தரவு இயற்பியலைச் சேர்ந்தது. மார்க்கெட்டிங்கில் நிலைமை எப்படி என்பதற்கு இன்னும் நேரடியான சாட்சியம் ஒன்று இருக்கிறது.

ஒரு கட்டுரைக்கு என்ன நேர்ந்தது

1977இல் ஸ்காட் ஆர்ம்ஸ்ட்ராங், டெரி ஓவர்ட்டன் இருவரும் ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் ரிசர்ச்சில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அஞ்சலில் சர்வே அனுப்பும்போது எல்லோரும் பதில் போடுவதில்லை. பதில் போடாதவர்கள், போட்டவர்களிலிருந்து வேறுபட்டவர்களாக இருந்தால் முடிவு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். அந்தச் சாய்வை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் விஷயம். தாமதமாகப் பதில் போட்டவர்கள் பதிலே போடாதவர்களை ஓரளவு ஒத்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு, முதலில் வந்த பதில்களிலிருந்து கடைசியில் வந்த பதில்கள்வரை உள்ள போக்கை நீட்டிப் பார்த்து, வராத பதில்கள் எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிடலாம் என்றார்கள். போக்கை நீட்டிப் பார்க்கும் அந்தப் படிதான் முறையின் மையம். துறை வல்லுநர்களின் கணிப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள்.

இந்தக் கட்டுரை மார்க்கெட்டிங்கில் மிக அதிகமாகச் சான்று காட்டப்படுபவற்றில் ஒன்றாகிவிட்டது. 2008இல் மால்கம் ரைட்டும் ஆர்ம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து, அதைக் காட்டிய கட்டுரைகளில் 50ஐ எடுத்து, எதற்காகக் காட்டியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 46 கட்டுரைகள் முதலில் பதில் போட்டவர்களையும் கடைசியில் போட்டவர்களையும் ஒப்பிட்டதைச் சொல்கின்றன. போக்கை நீட்டிப் பார்க்கும் மையப் படியைக் குறிப்பிட்டவை 6. வல்லுநர் கணிப்பைக் குறிப்பிட்டது 1. மூலத்தில் சொன்ன முறையை முழுதாகப் பின்பற்றியது ஒன்றுகூட இல்லை. துணைநூற்பட்டியலில் அந்தக் கட்டுரையின் விவரத்தையே பலர் பல விதமாகத் தப்பாக எழுதியிருந்ததையும் கண்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மதிப்பாய்வாளர்கள் இருக்கிறார்கள், இதழ் ஆசிரியர் இருக்கிறார். இத்தனை பேர் கண்ணைத் தாண்டி வந்திருக்கிறது. நடந்தது என்னவென்றால், "முதல் பதிலுக்கும் கடைசிப் பதிலுக்கும் வேறுபாடு இல்லை, ஆகவே சாய்வு இல்லை (ஆர்ம்ஸ்ட்ராங், ஓவர்ட்டன் 1977)" என்ற வாக்கியம் கட்டுரைக்குக் கட்டுரை பயணம் செய்தது. மூலக் கட்டுரை பின்தங்கிவிட்டது. உங்கள் ஆய்வேட்டிலும் இந்த வாக்கியம் இருந்தால், இப்போதே 1977ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்துப் படியுங்கள். ஏழே பக்கம்தான்.

எண்களுக்குக் காட்டும் சான்று

"ஆல்ஃபா 0.70க்கு மேல் இருப்பதால் அளவுகோல் நம்பகமானது (நன்னலி 1978)" என்பது இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வாக்கியம். ஆல்ஃபா என்பது ஓர் அளவுகோலின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண். நன்னலி 0.70 என்ற எண்ணைச் சொன்னது உண்மை. ஆய்வின் தொடக்க நிலைக்கு அது போதும் என்றார். அடிப்படை ஆய்வுக்கு 0.80 என்றார், தனிமனிதர்களைப் பற்றி முக்கியமான முடிவு எடுக்கப் பயன்படும் சோதனைகளுக்கு 0.90 குறைந்தபட்சம் என்றார். 2006இல் லான்ஸ், பட்ஸ், மிஷெல்ஸ் மூவரும் இப்படிப்பட்ட, இதைத் தாண்டினால் போதும் என்று சொல்லும் நான்கு பிரபலமான வெட்டுப்புள்ளிகளின் மூலத்தைத் தேடிப் போய், மூலம் சொன்னதற்கும் பின்னால் வந்தவர்கள் சொன்னதற்கும் உள்ள இடைவெளியை எழுதினார்கள். புதிய ஆய்வாளர் யாரும் அதைப் படிக்காமல் முறையியல் அத்தியாயம் எழுத உட்காரக் கூடாது என்பேன்.

ஃபோர்னெல், லார்க்கர் 1981 மார்க்கெட்டிங் ஆய்வேடுகளில் தவறாமல் வரும். திருப்தி, நம்பிக்கை போன்று நாம் அளக்க நினைக்கும் இரண்டு கருத்தாக்கங்கள் உண்மையிலேயே தனித்தனியானவையா என்று பார்க்க அவர்கள் தந்த சோதனை, ஒரு கருத்தாக்கம் தன் கேள்விகளில் விளக்கும் சராசரி மாறுபாட்டை மற்றக் கருத்தாக்கத்தோடு அதற்குள்ள தொடர்பின் வர்க்கத்தோடு ஒப்பிடுகிறது. அதற்குப் பிறகு விவாதம் நகர்ந்துவிட்டது. ஹென்ஸெலர், ரிங்கிள், ஸார்ஸ்டெட் 2015இல் அந்தச் சோதனை பல சூழல்களில் கோளாறைப் பிடிக்கத் தவறுகிறது என்று காட்டி, 'எச்டிஎம்டி' என்ற மாற்று அளவைத் தந்தார்கள். ஆக ஒரு முறைக்குச் சான்று காட்டும்போது, யார் முதலில் சொன்னார் என்பதோடு நின்றுவிட முடியாது. அதன்பின் அதற்கு என்ன ஆயிற்று என்றும் பார்க்க வேண்டும். இதற்கு எளிய வழி உண்டு. கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரையின் கீழே, அதைக் காட்டியிருக்கும் பிற்காலக் கட்டுரைகளுக்கான இணைப்பு இருக்கும். அதற்குள் போய், விமர்சனம், மறுபரிசீலனை போன்ற சொற்களைத் தேடுங்கள். செர்வ்குவாலில் தொடங்கினால் பத்து நிமிடத்தில் க்ரோனின், டெய்லரிடம் வந்து சேர்ந்துவிடுவீர்கள்.

அளவுகோல்களில் இன்னொரு சிக்கல், எந்த வடிவம் என்பது. ஒரு பொருளில் நுகர்வோருக்கு எவ்வளவு ஈடுபாடு என்று அளக்க ஜூடித் ஸைச்கோவ்ஸ்கி 1985இல் 20 சொற்சோடிகள் கொண்ட அளவுகோலைத் தந்தார். 1994இல் அவரே அதை 10ஆகச் சுருக்கினார். நீங்கள் பயன்படுத்தியது பத்து என்றால் 1994ஐக் காட்ட வேண்டும். அந்தப் பத்தில் மூன்றை நீக்கி, இரண்டின் சொற்களை மாற்றியிருந்தால் அதையும் எழுத வேண்டும். "ஸைச்கோவ்ஸ்கியிடமிருந்து எடுத்தது" என்பதும் "அவருடையதைத் தழுவி மாற்றியது" என்பதும் வேறு வேறு. மாற்றிய கேள்விகள் எவை என்று பின்னிணைப்பில் முழுதாகத் தந்துவிடுவது எல்லோருக்கும் நல்லது. மொழிபெயர்த்துப் பயன்படுத்தியிருந்தால் அதுவும் ஒரு மாற்றம்தான். யார் மொழிபெயர்த்தார், எப்படிச் சரிபார்த்தார் என்று சொல்லுங்கள்.

வடிவம் பற்றிக் கொஞ்சம்

மார்க்கெட்டிங் இதழ்களில் பெரும்பாலும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் தரும் முறைதான். ஏபிஏ (அமெரிக்கன் சைக்கலாஜிக்கல் அசோசியேஷன்) பாணியில் பெயருக்கும் ஆண்டுக்கும் நடுவே காற்புள்ளி வரும்; ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங், ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச் போன்றவற்றில் வராது. ஏபிஏயின் 2019ஆம் ஆண்டு ஏழாம் பதிப்புப்படி, மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதியிருந்தால் முதல் தடவையிலிருந்தே முதல் ஆசிரியர் பெயரோடு "முதலியோர்" என்று சுருக்கிவிடலாம். வரிக்கு வரி எடுத்தாண்டால் பக்க எண் கட்டாயம்.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங், அமெரிக்கன் மார்க்கெட்டிங் அசோசியேஷனின் இதழ். சுருக்கம் 'ஏஎம்ஏ'. சான்றுகளைச் சேர்த்து வைத்துப் பட்டியல் தயாரித்துத் தரும் ஸோட்டெரோ, மெண்ட்லே போன்ற மென்பொருள்களில் 'ஏஎம்ஏ' என்று தேடி முதலில் வருவதைச் சொடுக்கினால் உங்கள் கட்டுரை முழுக்கச் சின்னச் சின்ன எண்களாக மாறிவிடும். அது அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷனின் பாணி, மருத்துவ இதழ்களுக்கானது. சுருக்கத்தை நம்பாமல் நீங்கள் அனுப்பப் போகும் இதழின் பெயரைக் கொண்டு தேடுங்கள். மென்பொருள் இணையத்திலிருந்து இழுத்துத் தரும் விவரங்களையும் அப்படியே ஏற்காதீர்கள். ஆண்டு, தொகுதி, பக்கம் ஆகியவற்றைக் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். டிஓஐ எண் (இணையத்தில் கட்டுரைக்கு உள்ள நிரந்தர அடையாள எண்) இருந்தால் சேருங்கள், அதைச் சொடுக்கி அது சரியான இடத்துக்குப் போகிறதா என்றும் பாருங்கள்.

மார்க்கெட்டிங் இதழ்கள் பலவற்றில் எழுதியவர் யார் என்று மதிப்பாய்வாளருக்குத் தெரியாது. அதனால் உங்கள் பழைய கட்டுரையைக் காட்டும்போது "என் முந்தைய ஆய்வில்" என்று எழுதாமல், வேறு யாரோ எழுதியதைக் குறிப்பிடுவதுபோல எழுதுங்கள்.

எண்ணிக்கை என்ற அழுத்தம்

சைட்டேஷன்களை எண்ணும் பழக்கம் யூஜின் கார்ஃபீல்டிலிருந்து தொடங்குகிறது என்று சொல்லலாம். 1955இல் அவர் முன்வைத்த யோசனை 1964இல் சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் ஆனது. ஒரு கருத்து எங்கிருந்து எங்கே போனது என்று தேட உதவும் கருவி அது. பின்னால் அதே எண்ணிக்கை இதழ்களையும் ஆட்களையும் தரம் பிரிக்கும் அளவுகோலாகிவிட்டது. இம்பாக்ட் ஃபாக்டர் என்பது, ஒரு இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை காட்டப்பட்டன என்பதன் கணக்கு. ஃபோர்னெல், லார்க்கர் கட்டுரையை இன்று ஆயிரம் பேர் காட்டினாலும் அதில் ஒன்றுகூட இன்றைய கணக்கில் ஏறாது.

எண் முக்கியமானால் எண்ணை ஏற்றும் வழிகளும் வந்துவிடும். 2012இல் சயின்ஸ் இதழில் ஆலன் வில்ஹைட்டும் எரிக் ஃபாங்கும் பொருளியல், சமூகவியல், உளவியல், வணிகத் துறைகளைச் சேர்ந்த 6,672 ஆய்வாளர்களிடமிருந்து வந்த பதில்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எந்தக் குறையையும் சுட்டாமல், "எங்கள் இதழின் கட்டுரைகளை இன்னும் கொஞ்சம் சேருங்கள்" என்று இதழ் ஆசிரியர்கள் கேட்ட அனுபவம் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருந்தது. வணிகத் துறை இதழ்களில் இது கூடுதலாகவே இருந்தது. இளையவர்கள் இந்த நெருக்கடியில் எளிதில் பணிந்துவிடுகிறார்கள், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு கேள்வியை எப்போதும் கேட்டுக்கொள்ளலாம்: இந்தக் கட்டுரையைச் சேர்த்தால் என் வாதத்தில் எந்த வரி பலப்படுகிறது? பதில் இருந்தால் நன்றியோடு சேருங்கள். இல்லாவிட்டால், படித்துப் பார்த்தேன், இந்த வாதத்தோடு நேரடித் தொடர்பு இல்லை என்று பதில் கடிதத்தில் மரியாதையாக எழுதலாம்.

இல்லாத கட்டுரைகளும் திரும்பப் பெற்ற கட்டுரைகளும்

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் "இதற்கு ஐந்து சான்று கொடு" என்று கேட்டால் கொடுக்கும். உண்மையான ஆசிரியர் பெயர், உண்மையான இதழ், நம்பும்படியான தலைப்பு, டிஓஐ எண் எல்லாம் இருக்கும். கட்டுரை மட்டும் எங்கேயும் இருக்காது. மார்க்கெட்டிங்கில் தலைப்புகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதால் இது இன்னும் ஆபத்து. பிராண்ட் நம்பிக்கை, விசுவாசம், இடைநிலை விளைவு என்ற சொற்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் பழக்கமான தலைப்பு மாதிரியே ஒலிக்கும். முழுக் கட்டுரையும் உங்கள் கணினியில் இல்லாத எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

வெளியான பிறகு திரும்பப் பெறப்படும் கட்டுரைகள் இன்னொரு வகை. படிவத்தின் மேற்பகுதியில் கையெழுத்து வாங்கினால் மக்கள் நேர்மையாக நிரப்புவார்கள் என்று சொன்ன 2012ஆம் ஆண்டுக் கட்டுரை நுகர்வோர் நடத்தை ஆய்வாளர்களிடையே பெரும் புகழ் பெற்றது. அதிலிருந்த கார் காப்பீட்டுத் தரவு புனையப்பட்டது என்று தெரியவந்ததும் 2021இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பாடநூல்களிலும் பாடக்குறிப்புகளிலும் ஏறிவிட்டிருந்தது. பழைய பிடிஎஃப் ஒன்றை வைத்திருப்பவருக்கு இந்தச் செய்தி தானாக வந்து சேராது. ஸோட்டெரோ பயன்படுத்தினால், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பதிவுசெய்யும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு அப்படிப்பட்டவற்றை அது அடையாளம் காட்டும். மற்றவர்கள் இதழின் இணையப் பக்கத்துக்கே போய்ப் பார்க்கலாம். இதைக் கட்டுரை எழுதத் தொடங்கும்போது ஒரு தடவையும், இதழுக்கு அனுப்பும் நாளில் இன்னொரு தடவையும் செய்யுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் நடுவே மாதங்கள் போயிருக்கும். திரும்பப் பெறப்பட்ட ஒன்றைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால், பேசலாம். அது திரும்பப் பெறப்பட்டது என்பதை வாக்கியத்திலேயே சொல்லி, அந்த அறிவிப்பையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.